பூஜையில் அகப்பட்ட கைரன்

பாறசாலை வீட்டில் இப்போது நாங்கள் மூன்று பேர். நான், என் கணவர் ரமணன், அவருடைய அம்மா பகவதியம்மாள். நாலாவதாக ஒருவன் உண்டு. ஒரு சாண் உயரம், வெள்ளை உடம்பு, நீலத் தோள். பெயர் கைரன். ஜப்பானிலிருந்து பெட்டிக்குள் துண்டு துண்டாக வந்த பிளாஸ்டிக் ரோபோ.

ரமணன் பல் மருத்துவர். அமரவிளையில் ஒரு ஸ்டேஷனரிக் கடையின் மாடியில் கிளினிக். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவர் என்று எங்கள் சொந்தக்காரர்கள் அவரைச் சொல்வார்கள். ஊரார் வாயில் விரலை வைத்துக் கடி வாங்குவதுதான் அவருடைய பிழைப்பு. நானும் அப்படித்தான் அவருக்கு அறிமுகமானேன். இருபத்துமூன்று வருஷத்துக்கு முன்னால், இடது கன்னம் பன் மாதிரி வீங்க, கடுகு நிறச் சுடிதாரோடு பனச்சமூட்டில் பஸ் ஏறிப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். மூன்று தடவை வரச்சொல்லிப் பல்லைச் சரிசெய்தார். நாலாவது தடவை நான் போகவில்லை, அவருடைய அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். பெண்ணின் வாயைத் திறந்து பார்த்துவிட்டுக் கட்டிய ஒரே மாப்பிள்ளை என்று என் தம்பி இன்றைக்கும் கேலி செய்கிறான்.

நான் கணக்கு டீச்சர். கோபம் எனக்கு முன்னால் போகும், நான் பின்னால் போவேன். அவருக்குக் கோபமே வராது. வந்தாலும் எங்கே வைத்திருக்கிறார் என்று நமக்குத் தெரியாது.

கைரனை அனுப்பியது பெங்களூரில் படிக்கும் எங்கள் மகள் தாரா. அப்பாவின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு. பெட்டியைத் திறந்தபோது ரோபோ எங்கும் இல்லை. ஜன்னல் கம்பி மாதிரி சட்டங்கள், சட்டங்களில் ஒட்டிக்கொண்டு சின்னச் சின்னத் துண்டுகள், மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு. ஒரு வாரத்தில் முடித்துவிடுவார் என்று நினைத்தேன். பதினாலு மாதம் ஆயிற்று.

அவர் வேலை செய்யும் விதம் அப்படி. ஒரு துண்டைச் சட்டத்திலிருந்து ஒரே வெட்டில் எடுத்தால் வெட்டிய இடம் வெளுத்துவிடுமாம். அதனால் முதலில் தள்ளி ஒரு வெட்டு, பிறகு ஒட்டி ஒரு வெட்டு. மிஞ்சும் பிசிரை உப்புத்தாளில் உரசுவார், அதைவிட மெல்லிய தாளில் மறுபடி உரசுவார், கடைசியில் பல்லுக்குப் பாலிஷ் போடும் ரப்பரால் தேய்ப்பார். விரல் நகத்தைவிடச் சின்னத் துண்டுக்கு இத்தனையும். தினமும் கிளினிக்கிலிருந்து வந்து, குளித்து, நெற்றியில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு சாப்பாட்டு மேஜையின் ஓரத்தில் உட்கார்ந்துவிடுவார்.

எனக்குப் பொறாமை இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். மூக்குக் கண்ணாடியின் ஃபிரேமை மாற்றினேன். அதைக் கவனிக்க அவருக்குப் பதினொரு நாள் ஆனது. அன்றைக்கு வாய்விட்டே கேட்டேன்.

"எனக்க மூஞ்சிய இப்பிடி உத்துப் பாத்து எத்தன வருஷமாச்சு?"

அவர் சிரித்தார். சிரித்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

இவ்வளவு செய்தும் அவர் அதை யாருக்கும் காட்டவில்லை. வாசலில் ஆள் சத்தம் கேட்டால் கைரன் மேல் ஒரு துண்டு விழும். ஐம்பது வயதில் பொம்மை வைத்து விளையாடுகிறார் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற கூச்சம். இதைத் தாரா கவனித்திருக்கிறாள். விஜயதசமி அன்று திருவனந்தபுரத்தில் மாடல் செய்பவர்களின் கண்காட்சி ஒன்று நடப்பதைக் கண்டுபிடித்து, அப்பாவிடம் கேட்காமலே பெயர் கொடுத்துவிட்டாள். காலை பத்து மணிக்குள் மேஜையில் கொண்டு வைக்க வேண்டும். அவர் ஒரு நாள் முழுக்க மகளோடு போனில் முரண்டினார். மறுநாள் குளியலறையில் சீட்டியடிக்கும் சத்தம் கேட்டது. எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு நான் கேட்ட முதல் சீட்டி.

"ஒரு தடவ நாலு பேரு பாக்கட்டும் ஆனந்தி" என்றார் என்னிடம். "நல்லா இல்லேண்ணு சொன்னா பொதிஞ்சு அட்டத்துல போட்டிரலாம்."

அட்டத்தில், அதாவது பரணில், போட்டால் பிறகு அவர் எடுக்க மாட்டார். எனக்குத் தெரியும். கல்லூரியில் அவர் வாசித்த புல்லாங்குழல் அங்கேதான் கிடக்கிறது.

கடைசி வேலை மட்டும் பாக்கி இருந்தது. இடது கையைக் கழற்றி வைத்திருந்தார். அதில் நாற்பத்துமூன்று ஒட்டுப்படங்கள் ஒட்ட வேண்டும், பிறகு முழு உடம்புக்கும் பளபளப்பை மட்டுப்படுத்தும் ஸ்பிரே அடிக்க வேண்டும். செவ்வாய், புதன் இரண்டு நாளும் கிளினிக்கை அடைத்துவிட்டு முடித்துவிடலாம் என்பது அவர் கணக்கு. கண்காட்சி வியாழக்கிழமை.

அந்தக் கணக்கில் கல்லைப் போட்டவள் நான்.

எங்கள் பக்கத்தில் அஷ்டமியன்று மாலை, சந்தியா நேரத்தில் பூஜைவைப்பு. புத்தகம், பேனா, தொழில் செய்யும் ஆயுதம் எல்லாவற்றையும் சரஸ்வதியின் முன்னால் வைத்துவிட்டால் விஜயதசமி காலையில் பூஜை எடுக்கும்வரை யாரும் தொடக்கூடாது. படிக்கக்கூடாது, எழுதக்கூடாது, ஆயுதத்தை எடுத்து வேலை செய்யவும் கூடாது. இந்த வருஷம் திதி முந்திக்கொண்டு வந்ததால் பூஜைவைப்பு ஒரு நாள் முன்னதாக, திங்கட்கிழமையே விழுந்தது. ரமணன் இதைக் கவனிக்கவில்லை. திங்கள் மாலை அவர் கிளினிக்கில் இருந்தபோது அத்தை விளக்கைத் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்.

"ரமணனுக்க ஆயுதத்தையும் எடுத்து வை மக்களே."

வருஷா வருஷம் வைக்கும் சின்னக் கண்ணாடியும் பல் குத்தும் கம்பியும் அலமாரியில் இருந்தன. எடுத்தேன். திரும்பும்போது மேஜையில் கைரன் நின்றான். பக்கத்தில் வெட்டுக்கத்திரி, இடுக்கி, உப்புத்தாள், ஒட்டுப்படங்கள். எனக்குத் திடீரென்று மனது இளகிவிட்டது. இந்த மனிதரின் கை உண்மையிலேயே சந்தோஷப்படுவது இந்த ஆயுதத்தில்தானே, இது அல்லவா அம்மன் முன்னால் இருக்க வேண்டும் என்று தோன்றியது. போன் செய்தேன், எடுக்கவில்லை. யாருடைய வாயிலாவது கை இருந்திருக்கும். தட்டோடு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போய்ப் பூஜையறையில் வைத்தேன். மாமனாரின் பழைய பேனாவுக்கும் என்னுடைய எட்டாம் வகுப்பு விடைத்தாள் கட்டுக்கும் நடுவில் கைரன் நின்றான். கழற்றிய கையை அவன் காலடியில் வைத்தேன். அத்தை எல்லாவற்றுக்கும் சந்தனம் தொட்டுக் குங்குமம் வைத்துக்கொண்டே வந்து, அவன் நெற்றியிலும் வைத்தார். வாளைப் பிடித்திருந்த வலது கையில் ஒரு சிவப்புத் தெச்சிப்பூவும் செருகினார். நான் கைகூப்பினேன். அவ்வளவு பெருமை எனக்கு.

அவர் வந்தார். மேஜையைப் பார்த்தார். நான் சிரித்துக்கொண்டே பூஜையறையைக் காட்டினேன். நெற்றியில் குங்குமத்தோடு நிற்கும் கைரனை அவர் கொஞ்சநேரம் பார்த்தார்.

"நல்லதாக்கும்" என்றார். சட்டையை மாற்றப் போய்விட்டார்.

தட்டை விட்டெறிந்திருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். விஷயத்தைத் தாராதான் போனில் சொன்னாள். நாற்பத்துமூன்று படம், ஒரு ஸ்பிரே, கையில் இருந்ததே இரண்டு நாள், இரண்டு நாளும் பூஜைக்குள். நேரே அத்தையிடம் போனேன். இது பொம்மைதானே, தொழில் ஆயுதம் இல்லையே, எடுத்துக்கொள்ளலாமே என்று இல்லாத சட்டமெல்லாம் பேசிப் பார்த்தேன். பகவதியம்மாள் என்னைத் திட்டவில்லை.

"வச்சது நீயாக்கும் மக்களே. அவனுக்கு வேலைண்ணு நெனச்சுத்தானே வச்ச? பின்ன இப்போ பொம்மைண்ணு எப்பிடிச் சொல்லுவ?"

ரமணனும் எடுக்க வேண்டாம் என்றுவிட்டார். அம்மாவின் பூஜையைக் குலைத்துக்கொண்டு போய்க் காட்ட அவருக்கு மனமில்லை. கண்காட்சிக்குப் போகாமல் இருந்துவிடலாம் என்று மெல்லச் சொன்னார். பதினாலு மாத உழைப்பை என் பக்தி ஒரு சந்தியாவில் அட்டத்தில் ஏற்றிவிட்டது.

செவ்வாய் அவர் சும்மா இருந்தார். வேலையில்லாத அந்த விரல்கள் மேஜைத் துணியின் நூலைப் பிய்த்துக்கொண்டே இருந்தன. புதன்கிழமை காலையில் பூஜையறை வாசலில் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்தார். உள்ளே போகவில்லை, கைரனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சநேரத்தில் அத்தையும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மகன் முகத்தைப் பார்த்தார், ரோபோவைப் பார்த்தார்.

"அவனுக்க முட்டுல வெள்ளியா தெரியுதே, அது எதுக்கு?" என்று கேட்டார்.

நான் அடுக்களையில் தோசைக்கு மாவு கலக்கிக்கொண்டிருந்தேன். கரண்டி நின்றுவிட்டது.

ரமணன் முதலில் ஒரு வார்த்தை சொன்னார். பிறகு இரண்டு. பிறகு அணை திறந்தது. முழங்காலை மடக்கினால் அந்த வெள்ளிக் குழாய்க்குள் இன்னொரு குழாய் தானே வழுகி இறங்கும், மனுஷனின் தசைநார் போல, அதைப் பளபளப்பாக்க மட்டும் நாலு நாள் ஆனது என்றார். வெள்ளைக் கவசத்துக்குள் ஒரு முழு எலும்புக்கூடு உண்டு, அதைக் கட்டி முடித்த பிறகுதான் தோலைப் போர்த்துவது, உள்ளே இருப்பதை யாரும் பார்க்கப்போவதில்லை என்றாலும் அதற்கும் சாயம் பூசியிருக்கிறேன் என்றார். தோள்தகடு மூன்று அடுக்காக விரியும். ஐந்து விரலும் தனித்தனியாக மடங்கும். வாள் மட்டும் பச்சைக் கண்ணாடி நிறம், விளக்கின் பக்கம் திரும்பினால் வெளிச்சம் உள்ளே ஓடும். உடம்பெல்லாம் தெரிகிற மெல்லிய கறுப்புக் கோடுகள் வரைந்தவை அல்ல. பள்ளத்தின் ஒரு முனையில் மையைத் தொட்டால் போதும், மை தானே ஓடிப் போய் முழுப் பள்ளத்தையும் நிறைக்கும். அதைப் பார்க்கும்போது மனதுக்கு ஒரு சுகம் அம்மா என்றார்.

உள்ளே கைவைக்காமல், வாசலில் உட்கார்ந்து விரலால் சுட்டிக்காட்டியே ஒரு மணிநேரம் சொன்னார். என்னிடம் அவர் இதையெல்லாம் சொன்னதில்லை. நான் கேட்டதும் இல்லை. எத்தனை நாளில் முடியும் என்று மட்டும்தான் பதினாலு மாதமும் கேட்டிருக்கிறேன்.

"நெஞ்சில கதவு மாதிரி இருக்கே" என்றார் அத்தை.

"கதவுதான் அம்மா. ஓட்டுற ஆளு உள்ள இருக்கணும்."

"ஆளு உண்டா?"

"உண்டு. இன்னும் ஏறல்ல."

அத்தை அடுக்களைப் பக்கம் பார்த்து என்னைக் கூப்பிட்டார். நாளைக்குக் காலையில் எப்போது கிளம்ப வேண்டும் என்று கேட்டார். எட்டரை என்றேன். தலையாட்டினார்.

வழக்கமாக எங்கள் வீட்டில் பூஜை எடுப்பது ஏழரைக்கு மேல். விஜயதசமி அன்று நான் எழுந்து வருவதற்குள் பகவதியம்மாள் குளித்து, விளக்கேற்றி, அவலும் பொரியும் நைவேத்தியம் வைத்து முடித்திருந்தார். அப்போதுதான் நன்றாக விடிந்திருந்தது. எடுத்த ஆயுதத்தால் உடனே கொஞ்சம் வேலை செய்ய வேண்டும் என்பது வழக்கம். முதலில் அவர் எடுத்தது மாமனாரின் பேனாவை அல்ல. கைரனைத் தட்டோடு தூக்கி மகன் கையில் கொடுத்தார்.

"இரி. நிறைய வேலை செய்" என்றார்.

ரமணன் அந்த இடத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு படத்தையும் தண்ணீரில் நனைத்து, தாளிலிருந்து வழுக்கி எடுத்து, இடுக்கியால் இடம் பார்த்து வைத்து, பஞ்சால் ஒற்ற வேண்டும். நான் நனைத்துக் கொடுத்தேன். எட்டரைக்குள் இருபத்தாறு முடிந்தது. ஸ்பிரேக்கு நேரமில்லை. நெற்றியைத் துடைத்தோம், சந்தனம் உதிர்ந்தது, குங்குமம் பள்ளத்தில் இறங்கிச் சிவப்பாக நின்றுவிட்டது. அத்தையின் முகம் வாடுவதைப் பார்த்து அவர் துடைப்பதை நிறுத்தினார்.

"இருக்கட்டும்மா. நல்லாத்தான் இருக்கு" என்றார்.

நான் காரை எடுத்தேன். அவர் மடியில் கைரன். பைபாஸில் போனால் சீக்கிரம் போய்விடலாம். அவரோ அமரவிளை வழியாகப் போக வேண்டும், கிளினிக்கில் ஒரு சாமான் எடுக்க வேண்டும் என்றார். என்ன சாமான் என்று கேட்டேன். ஓட்டுகிற ஆள் என்றார். புளியங்கொட்டை அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் மனுஷன், அவனுக்காகப் பைபாஸை விடுவதா என்று நான் அமரவிளை வரை கத்திக்கொண்டே ஓட்டினேன். அவர் படியேறிப் போய் ஒரு சின்ன மருந்து டப்பாவோடு வந்தார். காருக்குள் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஆளை நெஞ்சுக்குள் வைத்துக் கதவை மூடிவிட்டார்.

நான் பயந்தபடியே பாலராமபுரத்தில் மாட்டிக்கொண்டோம். முன்னால் பஸ், பின்னால் டிப்பர், இருபது நிமிஷம் கார் அசையவில்லை. வாயில் வசவு வந்தது. பக்கத்தில் பார்த்தால் அவர் தண்ணீர்ப் பாட்டிலின் மூடியில் படத்தை நனைத்து ஒட்டிக்கொண்டிருக்கிறார். அங்கே ஏழு படம் ஒட்டினார். என் வாழ்க்கையில் பாலராமபுரம் ஜங்ஷனை வாழ்த்தியது அந்த ஒரு தடவைதான். பத்து படம் மிஞ்சியது. பத்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கையை மாட்டி மேஜையில் வைத்தோம்.

ஒரு கல்யாண மண்டபத்தின் கீழ்த்தளம். அறுபது எழுபது மேஜை. கார், கப்பல், விமானம், நாலைந்து ரோபோ. எல்லாம் கச்சிதம். எங்களுடையவன் மட்டும் நெற்றியில் பொட்டோடு, இடது முன்கையில் பாதி வெறுமையாக, கொஞ்சம் அதிகப் பளபளப்போடு நின்றான். ரமணன் கைக்குட்டையை எடுப்பதைப் பார்த்தேன். மூடத்தான் எடுக்கிறார் என்று பயந்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மதிப்பிட வந்தவள் ஸ்வப்னா என்ற சின்னப் பெண். அவள் நெற்றியிலும் ஒரு பூதக்கண்ணாடி. அந்தச் சிவப்பு என்ன பெயின்ட் என்று மலையாளத்தில் கேட்டாள். பூஜைக்கு வைத்தபோது அம்மா வைத்த குங்குமம் என்று அவர் சொன்னார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் அவரும் சிரித்தார். சிரித்துவிட்டு, பூஜையறை வாசலில் அம்மாவுக்குச் சொன்னதையெல்லாம் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். முழங்காலை மடக்கினார். தோளை விரித்தார். வாளை விளக்கின் பக்கம் திருப்பினார். குரல் தடுமாறவில்லை. சிரித்தவர்கள் நெருங்கி வந்தார்கள். கடைசியில் ஸ்வப்னா கேட்டதற்காக நெஞ்சுக் கதவைத் திறந்தார். அவள் குனிந்து வெகுநேரம் பார்த்துத் தாளில் எழுதினாள்.

மத்தியானம் அந்தத் தாளைக் கொடுத்தார்கள். பரிசு இல்லை. பாராட்டு நாலு வரி இருந்தது, நான் குறையைத்தான் முதலில் படித்தேன், டீச்சர் புத்தி. நெற்றியில் கறை, ஒரு மதிப்பெண் குறைவு. இடது கை முடியவில்லை, மூன்று குறைவு. இரண்டும் என் கைங்கரியம், தலைகுனிந்தேன். மூன்றாவதைப் படித்தபோதுதான் நிமிர்ந்தேன். ஓட்டுபவரின் இடது கன்னத்தில் புடைப்பு, உரசி எடுத்திருக்க வேண்டும், அரை மதிப்பெண் குறைவு.

பதினாலு மாதம் பிசிர் பிசிராக உரசிய மனிதர் ஒரு கன்னத்தில் புடைப்பை விடுவாரா. இந்த அரை மதிப்பெண்ணை வாங்காமல் விடுவதில்லை என்று அவர் நெற்றியிலிருந்த கண்ணாடியைப் பிடுங்கிக் கைரனின் நெஞ்சுக்குள் பார்த்தேன்.

உள்ளே ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கடுகு நிறச் சுடிதார். இரட்டைப் பின்னல். இடது கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது.

எனக்குச் சுற்றியிருந்த சத்தமெல்லாம் நின்றுபோயிற்று. பின்னல் எத்தனை, துப்பட்டா எந்தத் தோளில், எல்லாம் அன்றைக்கு இருந்தபடியே இருந்தது. எனக்கே மறந்துபோன துப்பட்டா அது. இந்த மனிதர் என்னை உற்றுப் பார்ப்பதில்லை என்று நான் சண்டை போட்டிருக்கிறேன்.

"கன்னம் எதுல செய்தது?" என்று கேட்டேன்.

"உனக்க பல்லுல அடச்ச அதே பசை" என்றார், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

"உரசி எடுக்கணும்ணு எழுதியிருக்கா."

"அது வீக்கமில்லியா ஆனந்தி. உரசப்பிடாது. தானா வத்தணும்."

நான் ஸ்வப்னாவிடம் சண்டைக்குப் போகவில்லை. தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அவர் அதற்குள் அடுத்த கூட்டத்துக்கு முழங்காலை மடக்கிக் காட்டப் போய்விட்டார். மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டோம் என்பது நாலு மணிக்குத்தான் எங்கள் இருவருக்கும் ஞாபகம் வந்தது.

அத்தை போன் செய்தார். பரிசு கிடைத்ததா என்று கேட்கவில்லை.

"அவனுக்க நெஞ்சுக்குள்ள ஆளு ஏறியாச்சா மக்களே?"

"ஏறியாச்சு அத்தை" என்றேன். "ஏறி இருபத்துமூணு வருஷமாச்சு."